முதல் பக்கம்

தார்த்துவில் மைனஸ் பத்தொன்பது.
கடல்மேல் போகும் பனிச்சாலையின் கனம்
நாற்பது கிலோமீட்டர் என்கிறது கருவி.

நினைவகச் சில்லு புதிது, கம்பெனி வேறு.
டிரைவருக்கோ பழைய அவசரம்:
கேட்ட கையோடு பதிலைப் பிடுங்குகிறது.
எழுதிய மடையன் யாரென்று தேடினாள் ஊர்வே.
அவளேதான். ஆறு வருஷம் முன்பு, ஒரு ஜூலையில்.

எனக்கு இத்தனை நானோ நொடி வேண்டும் என்று
தன் முதல் பக்கத்திலேயே
எழுதி வைத்திருக்கிறது சில்லு.
யாரும் புரட்டவில்லை.

முதலில் அதைப் படி,
பிறகு கேள்,
அது வாய் திறக்கும்வரை பொறு:
நாற்பத்தொரு வரி.
கனம் இப்போது முப்பத்தொரு சென்டிமீட்டர்.

தீவிலிருக்கும் காரெலை அழைத்தாள்.
"சனிக்கிழமை வரட்டுமா?"
மறுமுனையில் வெறும் காற்று.
"கேட்கிறதா" என்று கேட்கப்போன வாயை
மூடிக்கொண்டாள்.