பதினொரு ஆணிகள்

தென்கிழக்கிலிருந்து வருவது.
தென்றல் என்று சொல்ல முடியாது,
கொண்டல் என்றால் கொண்டலுக்கே கோபம் வரும்.
கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில்
பிரெஞ்சு பேசும் மீனவர்கள் அதை
சுவெத் என்கிறார்கள்,
கடன் கேட்டு வரும் மைத்துனன் பெயரைச் சொல்வதுபோல.

மலை ஏறும்வரை சாதாரணக் காற்று.
இறங்கும்போதுதான் புத்தி மாறுகிறது.

ஓடில் தெவோவுக்கு அந்தப் பக்கமே ஜன்னல் வேண்டும்.
"ஆறடி அகலம். போன தடவை
கொட்டகைக் கூரையைக் கொண்டுபோனப்போ
அடுப்புப் பக்கம் திரும்பி நின்னிருந்தேன்.
இந்தத் தடவை வர்றவன் முகத்தைப் பார்க்கணும்."

பென்சிலை எடுத்தேன்.
பதினாறு அங்குலத்துக்கு ஒரு கால்,
ஸ்ப்ரூஸ் மரம், இரண்டுக்கு ஆறு.
ஆறடி ஜன்னலுக்கு நான்கு கால்களை அறுக்க வேண்டும்.
காலை அறுக்கலாம், அது சுமந்ததை அறுக்க முடியாது.
கண்ணாடிமேல் விழும் அடியெல்லாம்
பக்கவாட்டில் நகர்ந்துபோய்
இந்தப் பக்கம் நிற்பவனிடமும்
அந்தப் பக்கம் நிற்பவனிடமும் கை நீட்டும்.
பக்கத்துக்கு மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டினேன்,
காகிதத்தில்.

காற்று தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைப்பது.
தள்ளும், எதிர்ச்சுவரை.
பின்சுவரை உறிஞ்சும்.
கூரையை, பசித்த பிள்ளை சோற்றுப்பானை மூடியை
விளிம்பில் விரல்விட்டுத் தூக்குவதுபோலத் தூக்கும்.
பக்கச் சுவர்கள் இரண்டும் சும்மா நிற்பதாகத் தோன்றும்.
வீடு சாய்வதும் நிற்பதும் அவற்றின் கையில்.
செவ்வகம் இணைகரமாகப் பார்க்கும்;
விடாமல் பிடிப்பது அரை அங்குல ப்ளைவுட்.
ப்ளைவுட்டைப் பிடிப்பது ஆணி.
ஓரங்களில் மூன்று அங்குலத்துக்கு ஒன்று,
நடுவில் பன்னிரண்டுக்கு ஒன்று.

பசுமரத்தாணி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.
பசுமரம் காயும்.
காய்ந்தால் நார் சுருங்கும்,
ஆணி தன் குழிக்குள் தனியாளாகும்.
என் வரைபடத்தில் முதல் குறிப்பு:
உலர்ந்த மரம் மட்டும்.

அக்டோபரில் போய்ப் பார்த்தேன்.
வெளியே பலகை ஏறிவிட்டது,
உள்ளே பஞ்சு இன்னும் அடைக்கவில்லை.
டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால்
வடகிழக்குப் பக்கத்தில் ஏதோ மின்னியது.
காலைத் தவறவிட்டு
வெறும் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தன
பதினொரு ஆணிகள், வரிசையாக,
பல்லிளித்தபடி.

வெளியே நின்றால் குறையே தெரியாது.
அங்கே தலைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தன.

தச்சன் சிரியாக் குனிந்து பார்த்தான்.
வெகுநேரம் கழித்துச் சொன்னான்:
"துப்பாக்கிக்கு எல்லாம் ஒரே சத்தம்.
மரத்துல பாய்ஞ்சாலும், காத்துல பாய்ஞ்சாலும்."
அரை அங்குலம் தள்ளிப் புது வரிசை அடித்தான்,
இருட்டும்வரை, ஒவ்வொன்றுக்கும் உள்ளே வந்து பார்த்து.
பழையதைப் பிடுங்கட்டுமா என்று உதவியாள் கேட்டான்.
"இருக்கட்டும்."

டிசம்பர். இரவு இரண்டு மணி. போனில் ஓடில்.
"கரண்ட் போயிடுச்சு.
ஆறடி ஜன்னல் வச்சு என்ன புண்ணியம்,
என் மூஞ்சியும் மெழுகுவத்தியும்தான் தெரியுது."
பின்னால் அவள் வீடு முழுவதும் உறுமியது.
"சூப்புல வட்டம் வட்டமா வருது. சுவர் அசையுதா?"
அசையும், என்றேன்.
கால் அங்குலம் போய்வர இடம் கொடுத்திருக்கிறேன்.
"இதை முன்னாடியே சொல்றதில்லையா?"

போனைச் சுவரில் வைக்கச் சொன்னேன்,
வடகிழக்குச் சுவரில், பீரோவுக்குப் பக்கத்தில்.

முதலில் லாரிபோல ஒரு சத்தம்.
அந்த லாரிக்குள்ளே ஒரு முனகல்,
மரம் மரத்தின்மேல் சாய்ந்துகொள்வது.
நான் காத்திருந்தது ஒரு கிறீச்சுக்கு.
ஆணி தன் குழியைவிட்டுக் கிளம்பும்போது வரும் கிறீச்.
அது வரவில்லை.
இன்னொரு வீச்சு. வரவில்லை.
லைன் அறுந்தது.

ஹாலிஃபாக்ஸில்,
காற்றே இல்லாத என் அறையில்,
அந்தச் சுவரை மறுபடி பிரித்து வைத்து
கீழ்மூலையிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்,
மூன்று அங்குலத்துக்கு ஒன்று,
மூன்று அங்குலத்துக்கு ஒன்று,
அந்தப் பதினொன்றை விட்டுவிட்டு.