குலா மலாக்கா வாசம்

ஐந்து நாள் பிள்ளை.
இடுப்புத் துணியைப் பிரித்ததும்
அறை முழுக்க குலா மலாக்கா,
செண்டோல் கிண்ணத்தை யாரோ
எடைத் தட்டில் கவிழ்த்ததுபோல.

பயிற்சி மருத்துவர் முகம் மாறிற்று.
இனிக்க மணக்கும் மூத்திரத்துக்குப்
பாடப் புத்தகத்தில் ஒரு நோய் உண்டு,
மூளையைத் தொடும் நோய்.
பெயரைச் சொல்லாமல்
ரத்தக் குழாயை எடுத்தார்.

ஹுவி வென் அழவில்லை.
தையல் வலிக்கும் பக்கம் சாயாமல்
நாற்காலி நுனியில் இருந்தாள்.

ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
பதினாறு வருசமாக
குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள் நான்.
கேட்பது என் வேலையில்லை. கேட்டேன்:
"பால் சுரக்க ஏதாவது சாப்பிடுகிறாயா?"

கைப்பையிலிருந்து ஒரு புட்டி.
மூடியைத் திருகியதும்
என் சமையலறையின் இரண்டாம் தட்டு
முகத்தில் அடித்தது.
வெந்தயம்.
நாளுக்கு ஒன்பது மாத்திரை.

தாய் தின்றது ரத்தத்தில் ஏறிப்
பாலில் இறங்கி
பிள்ளை கண்ணாலும் பாராத ஒரு செடி
பிள்ளையின் துணியில் மணக்கிறது.
நாக்கில் கசப்பு, வேர்வையில் வெல்லம்.
இப்படி இரண்டு பேச்சுப் பேசும் விதை
வேறெது?

மருத்துவர் முதல்முறையாகச் சிரித்தார்.
ஆனாலும் குழாயை அனுப்பச் சொன்னார்.
அதுதான் சரி.
முடிவு நாளை மாலை.

ரயிலில் என் பக்கத்து இருக்கை
காதிப்பில் காலி,
இயோ சூ காங்கிலும்.
மதியம் பூண்டுக் குழம்பு.
பல் துலக்கினேன், ஏலக்காய் மென்றேன்;
வாயிலா இருக்கிறது அது?
ரத்தம் அதை நுரையீரல்வரை சுமந்துபோய்
மூச்சுக்குக் கொஞ்சமாகக்
கொடுத்தனுப்புகிறது,
விடியும்வரை.

உயர்நிலை இரண்டில் ஷெரில் கோ
என் கையை முகர்ந்து
"என்ன சோப்பு போடுறே?" என்றாள்.
கேலி என்று நினைத்து
மூன்று மாதம்
வெந்தயக் குழம்பைத் தொடவில்லை.
நிஜமாகவே கேட்டிருக்கலாம் அவள்.

ஆங் மோ கியோவில் ஏறிய ஒருவர்
நேராக வந்து உட்கார்ந்தார்.
கையில் பை ஏதுமில்லை,
ஆனால் டுரியான்.
பழத்துக்குத்தான் தடை,
தின்றவருக்கு இல்லை.
ஏப்பத்தை உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டு
என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

நானும்
வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தேன்.