ஒரு ராத்தல் மிளகு

ஐந்து ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடியில்,
இரவு ஒன்பதுக்கு இங்கிலாந்தைத் திறக்கிறேன்.
ஆட்டுத்தோலில் லத்தீன்.
யாரோ மொழிபெயர்த்துவிட்டார்கள். என் வேலை
பெயர்களைப் பிடித்து மரத்தில் ஏற்றுவது.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.

நார்விச்சில் திருமதி ஹாலமுக்கு ஒரு மூதாதை வேண்டும்.
ஆளையும் அவரே தேர்ந்து வைத்திருக்கிறார்:
ரால்ஃப் டி வென்ஸ்கோ.
இரண்டு மாவு மில், ஒரு மீன்குளம், முந்நூறு ஏக்கர்.
அதற்கெல்லாம் மேலிடத்துக்குக் கட்டிய வரி
ஆண்டுக்கு ஒரு ராத்தல் மிளகு.

மிளகு என்று அடித்ததும் விரல் நின்றது.
நாகலூரில் சில்வர் ஓக்கைச் சுற்றி ஏறும் கொடி,
ஏணியின் உச்சிப்படியில் அப்பா, இடுப்பில் சாக்கு.
ரால்ஃபின் மிளகு எங்கள் மலையுடையதல்ல.
அப்போது இங்கே சில்வர் ஓக்கே கிடையாது.
இருந்தாலும் நின்றது.

ரால்ஃப் செத்தபின்
மகன் ஜானுக்கு வயது வந்ததா என்று
பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.
அவன் பிறந்த அன்றுதான் என் களஞ்சியம் எரிந்தது.
அன்றுதான் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது.
அன்று என் மகளைப் புதைத்தேன், எப்படி மறப்பேன்.
எழுதிக்கொண்டு, நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏற்காடு தாலுகா ஆபீசில், வாரிசுச் சான்றிதழுக்கு,
சடையன் பிறந்தது எந்த வருஷம் என்றார்கள்.
குப்பனூர் ரோடு சரிந்த வருஷம் என்றேன்.
கிளார்க் சிரிக்கக்கூட இல்லை.
"ஆதாரில் ஜனவரி ஒன்று, இதில் வேற. புதன்கிழமை வாங்க."

மூன்றாம் வாரம் தெரிந்தது: ஜானுக்குப் பிள்ளையில்லை.
ஹாலம் என்ற பெயர் ஒரே இடத்தில்தான்,
ரால்ஃப் ஒரு புல்வெளியை மடத்துக்கு விற்ற பத்திரத்தில்:
ஆறு எருது, ஒரு வண்டி,
ஹாலம் ஊர் ஹியூ, அவன் குட்டிகள் அனைத்தும் சேர்த்து.

குட்டிகள்.
பன்றிக்கும் இதே சொல்தான் என்கிறது அடிக்குறிப்பு.

தினகர் சார் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
"ரால்ஃபோட சேர்த்து ஒரு புள்ளிக்கோடு போட்டுடும்மா.
அந்தம்மா சுவத்துல மாட்டத்தான் கேக்குது."

எங்கள் எஸ்டேட் சம்பளப் புத்தகத்தையும் பார்த்திருக்கிறேன்.
அது இங்கே வேண்டாம்.

ஹியூ.
மனைவி: பெயர் இல்லை.
பிள்ளைகள்: எண்ணிக்கை இல்லை.
கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தேன்,
மிளகு கட்டியவருடையதைவிட.
அனுப்பிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.
முதல் ஏற்காடு பஸ் கிளம்பும் நேரம்.
இன்று புதன்.