பூச்சிப்பல்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி லேப்.
மின்விசிறிக்கு ஓர் இறக்கை கோணல்.
காலையிலிருந்து பதினோரு சளி, இரண்டு சீழ்,
பிறகு இந்தக் குப்பி:
ஷிஃபானா, வயது நாலு, மேலப்பாளையம்,
மேல்வரிசை முன்பல், சுரண்டியது.
டாக்டர் உலகம்மாள் கையெழுத்து
எறும்பு செத்துக் கிடப்பது மாதிரி.

குருணை அளவு மாவு.
கண்ணாடியில் தேய்த்துத் தீயில் காட்டி
ஊதா ஊற்றி, அயோடின் ஊற்றி,
சாராயத்தில் அலசி, சிவப்பு ஊற்றி,
காய்ந்ததும் ஓர் எண்ணெய்ச் சொட்டு விட்டுக்
குனிந்தேன்.

பாசிமணி அறுந்து கொட்டினாற்போல் பாக்டீரியா.
நடுவே காளான் சாதி:
பெரிய உருண்டை, அதில் மொட்டு,
மொட்டு நீண்டு விழுது, விழுதுக்கு மேல் விழுது.
உறவே இல்லாத இரண்டு குலம்.
சம்பந்தம் கலந்தது ஒரு சொட்டுச் சீனிப்பாலில்.

சீனியைத் தின்று அது பசை கக்கும்.
பசை இதன் தோலில் ஒட்டும்.
இது சாரம் கட்டும், அது சாரத்தில் ஏறும்.
அது கழித்த புளிப்பு இதற்குச் சோறு.
இது குடித்துத் தீர்த்த காற்று
அதற்குக் குடியிருக்கத் தோது.
மேலே ஒரே ஜவ்வுப் போர்வை.
மருந்து வந்து கதவைத் தட்டினால்
ஆளில்லை என்று
இரண்டும் சேர்ந்தே சொல்லும்.

குறுக்குத்துறைப் படியில் கால் வழுக்குமே,
அதே சங்கதிதான்.
கோயிலை முக்கிவிட்டு வெள்ளம் போகும்,
மரம் போகும், மாடு போகும்.
வடிந்த மறுநாள் கடைசிப் படியில் கால் வைத்தால்
வழுவழுப்பு அப்படியே இருக்கும்.
இதில் வாய் கொப்பளித்து என்ன!

சுவரில் யாரோ மாட்டிய காலண்டர்:
ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு.
ஆமாம், உண்டு.
யார் பல்லின் மேல் என்று
அதில் போடவில்லை.

ரிசல்ட் வாங்க வந்தவள் பெயர் செய்யதம்மாள்.
நகக்கண்ணில் புகையிலைத் தூள்.
இடுப்பில் பிள்ளை,
முன்பல் நான்கும் கரிந்த தீக்குச்சி.
"புட்டியில சீனிப்பால்தாம்மா குடுத்தேன்.
ஆயிரம் பீடி சுத்தணும்.
இது அழுதா கை நின்னுரும்லா."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காததற்குத்தான்
பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பூச்சியக் கொஞ்சம் காட்டுங்களேன்."

வெளியாள் வரக்கூடாதென்று பலகை இருக்கிறது.
ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

இடக்கண்ணை மூடினாள், திறந்தாள்,
வலக்கண்ணை மூடினாள்.
வெகுநேரம்.
"பூச்சியே இல்லையே.
நூலுல்லா கெடக்கு.
நூல் சுத்திக் கட்டுப் போட்டுல்லா வச்சிருக்கு!"

பதினாறு வருஷமாய்க் குனிகிறேன்.
விழுது என்றேன், சாரம் என்றேன்.
கட்டு என்று தோன்றியதில்லை.

"மொத்தம் எத்தன கட்டு இருக்கும்?"
"எண்ண முடியாதுக்கா."
"எண்ணாம எப்படி? எங்க கம்பெனியில
ஒண்ணு லூசா இருந்தாலும் கழிச்சிருவாக."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
பிறகு, சிரித்தது தப்போ என்பதுபோல்
பிள்ளையின் வாயை
முந்தானையால் துடைத்தாள்.
உதட்டைத்தான் துடைக்க முடிந்தது.

துடைத்த கைக்குள்ளிருந்து எட்டி
ஷிஃபானா திருகைப் பிடித்துச்
சுற்றிவிட்டிருக்கிறாள்.
அவர்கள் போனபின் பார்த்தால் வெறும் ஊதாப் புகை.
முன்னே திருப்பினேன், பின்னே திருப்பினேன்,
அந்த இடம் கிடைக்கவில்லை.
நான் தேடிக்கொண்டிருந்தபோது
என் நாக்கு, அதன்பாட்டில்,
கீழ்ப்பல்லின் பின்பக்கம்
எதையோ தடவிக்கொண்டிருந்தது.