நாற்பது நிமிடம்

கலந்தால் நாற்பது நிமிடம்.
டின்னில் அறுபது என்று அச்சடித்திருக்கிறார்கள்;
அது ஏசி அறைக்காரன் கணக்கு.
சூரமங்கலம், தகரக் கூரை, சித்திரை மாதம்:
நாற்பதுதான்.

ஏ டின்னைத் திறந்தால் மேலே தேன்போலப் பிசின்,
அடியில் வெள்ளைச் சேறு.
அலுமினாத் தூள். விட்டால் போய்ப் படுத்துக்கொள்ளும்.
எழுப்பாமல் ஊற்றினால்
முதல் பெட்டிகளுக்கு வெறும் பசை,
கடைசிப் பெட்டிகளுக்குக் கல்.
தோள் இற்றுப்போகும்வரை கிண்டுகிறேன்.

ஜன்னலில் சேர்வராயன் தெரிகிறது.
அதன் தலையில் சிவப்பாகக் கிடக்கும் கல்லைப் போன்றதைத்தான்
வேகவைத்து, சுட்டு, அரைத்து
இப்படி வெளுக்கவைக்கிறார்களாம்.
இந்த டின்னில் இருப்பது அந்த மலையா?
லேபிளில் குஜராத் முகவரி.
மலையும் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கலாம்.

இறுகியபின் இதற்கு ஒரு குணம்:
சூட்டை வெளியே விடும், கரண்டை விடாது.
என் நாத்தனாருக்கு நேரெதிர் என்பேன்,
பெனாசிர் சிரித்துச் சிரித்துத் தராசைக் கலைத்துவிடுவாள்.

போன வாரம் ஒரு பெட்டி திரும்பி வந்தது.
ஏற்காடு சாலை, பதினான்காம் கொண்டை ஊசி வளைவு,
ஒன்பதே மாதத்தில் அணைந்துபோன தெருவிளக்கு.
"உடைத்துப் பார்" என்றார் ருக்மாங்கதன்.

எதிலும் கரையாது.
அப்படிச் சொல்லித்தானே விற்கிறோம்.
சூட்டுத் துப்பாக்கி, உளி, பல் டாக்டர் வீசிய ஊசி;
இரண்டு நாள் சுரண்டினேன்.
மாஸ்ஃபெட்டை ஒட்டி
கேழ்வரகு அளவு ஒரு குமிழி.
சுற்றிலும் கருப்பு.
சூடு அதுவரை வந்திருக்கிறது,
காற்றிடம் வழி கேட்டு நின்றிருக்கிறது.

பேட்ச் எண்ணைப் பார்த்தேன்.
ஆடி, மூன்றாம் செவ்வாய்.
மதியம் கரண்ட் போய், வேக்குவம் பம்ப் நின்று,
கலவை மட்டும் நிற்காமல் இறுகிக்கொண்டிருந்த நாள்.
கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும் அவசரம் வேறு.
ஊற்றிவிட்டேன்.
நோட்டில் "வேக்குவம்: பத்து நிமிடம்" என்று இருக்கிறது.
கீழே ரா. அமிர்தவல்லி.
சுழியெல்லாம் அழகாகவே விழுந்திருக்கிறது.

அந்தக் கலவையில் இருபத்துமூன்று பெட்டி.
எல்லாம் அதே சாலையில்.

இன்று கலந்தது கோப்பையில் வெதுவெதுக்கிறது.
தன்னைத்தானே சூடேற்றிக்கொள்வது
கையுறைக்கு வெளியே இருந்தே விரலுக்குத் தெரிகிறது.
முப்பத்தொன்றாம் நிமிடம்.
பெனாசிர் ஊற்றச் சொல்லிக் கண் காட்டுகிறாள்.
ஒரு மூலையில், நூல்போல, மெல்ல விட வேண்டும்,
காற்று முன்னால் ஓடிப் பிழைத்துக்கொள்ள.
எனக்குக் கை சாயவில்லை.

இருட்டிவிட்டது. மலைமேல் விளக்குகள்
வளைந்து வளைந்து ஏறுகின்றன.
எவை என்னுடையவை என்று
இங்கிருந்து தெரியாது.

கோப்பையை மேசையில் வைத்தேன்.
உடைத்த பெட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு
அவர் அறைக்குப் போனேன்.
ருக்மாங்கதன் ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு நிறையப் பேசினார்.

திரும்பி வந்தபோது
கிண்டிய குச்சி கோப்பைக்குள்
யாரும் பிடிக்காமலே நேராக நின்றது.
அரைக் கிலோ வீண்.
தொட்டுப் பார்த்தேன்,
இன்னும் சுட்டது.