குரல் ஃபேடர்

பார்ட்டன் தெருவில் பழைய இறைச்சிக்கடையின் நிலவறை.
மாசிக் குளிர். ஹமில்டன் உருக்காலைப் புகை
பனிமேல் சாம்பலாய் விழுகிறது.
பதினோரு வருடமாய் இந்த மிக்ஸர் மேசை என்னுடையது.

இந்த இசை எனக்குப் பிடிக்கும், சொல்லத்தான் வேண்டும்.
கிட்டார் இரைச்சலுக்குள் ஒரு கடல் கிடக்கிறது.
ஒப்பாரி வைக்கத் தெரியாதவனுக்கு
அது போதும்.

சவுண்ட் செக்கில் டஸ்டின் சட்டையைக் கழற்றினான்.
தோளெலும்பின் கீழே
முறிந்த கதிர்களோடு கறுப்புச் சூரியன்.
"பழைய வடதேசத்துக் குறி. அரசியல் இல்லை" என்றான்,
நான் கேட்காமலே.
பிறகு,
"உன்னைச் சொல்லவில்லை. நீ நல்லவன்."

மூன்றாம் பாட்டு முழுக்க இரத்தம், மண்.
அலறலில் சொல் விளங்காது என்பவர்கள்
ஹெட்போனில் கேட்டதில்லை.

அந்த இரண்டு சொல்லும் எனக்கு
வேறு மொழியில் தெரியும்.
பதினாறு வயதில், கோயில் மைதானத்தில்,
ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன்.
கடைசி வரிசைவரை தெளிவாய்க் கேட்டதென்று
தோளில் தட்டினார்கள்.
அந்த ஐப்பசியில்
சோனகத் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை.
எங்கள் வீட்டில் அன்றைக்கும் புட்டு அவித்தோம்.

விரல் குரல் ஃபேடரில் இருந்தது.
இறக்கியிருக்கலாம்.
இரண்டு டெசிபல் ஏற்றினேன்,
என்ன பாடுகிறான் என்று எல்லோருக்கும் கேட்கட்டும்.

கேட்டது.
ஒருத்தி கோட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள்.
மற்றவர்கள்
சேர்ந்து கத்தினார்கள்.