குதிரைத்தாவி முகாம்

நாங்கள் ஐப்பசி என்றோம், அவர்கள் துலாம் என்றார்கள்.
மழை ஒன்றுதான்.
பதினோரு நாள் விடாமல் பெய்து
கம்பளி வரவேண்டிய பாதையை
இரண்டாம் வளைவில் தின்றுவிட்டது.

நான் ஆயுதக் கிடங்குக் கணக்கு.
ரைஃபிள் நாற்பத்திரண்டு,
அதில் ஒன்றுக்குக் கட்டை பிளந்து செப்புக்கம்பி சுற்றியது.
தோட்டா எண்ணுவது மாலை ஆறு மணிக்கு.
சாவி, மேசைக்கு மேல் ஆணியில்.

கீழே இரண்டு தலைநகரங்களில்
இந்த மலை யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.
வரைபடத்தில் நாம் ஒரு பென்சில் முனை அகலம்
என்றான் வயர்லெஸ்கார வறீது.
அந்த அகலத்துக்குள் எழுபத்தொரு ஆள்,
மூன்று கோவேறு கழுதை,
எண்ணி மாளாத அட்டை.

சம்பளம் மூன்று மாதம் வரவில்லை, அதைக்கூடப் பொறுத்தோம்.
நெஞ்சில் சளி கட்டிச் செத்த மாசிலாமணியை
ஏலக்காய் லாரியில், மூட்டைகளின் மேல் கிடத்தி இறக்கினார்கள்.
மூட்டைக்கு ரசீது இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு
ஹவில்தார் பொன்னுலிங்கம் வந்தார்.
தொப்பியிலிருந்து தண்ணீர் என் பதிவேட்டில் சொட்டியது.
'கணக்குப்பிள்ளே, கொஞ்சம் செவரப் பாத்து இரியும்.'

பார்த்தேன்.
சுவரில் ஏலக்காய்க் கம்பெனி காலண்டர்.
லட்சுமியின் இடது பாதத்தைப் பூஞ்சை அரித்திருந்தது,
இவ்வளவு நாள் கவனித்ததில்லை.
பின்னால் ஆணியை வளையம் உரசியது.
மலை கைமாறிய சத்தம் அதுதான்.
வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஈப்பன் சாரை ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் பூட்டினார்கள்.
கண்ணாடி வேண்டும் என்று மட்டும் கேட்டார்.
யாரோ ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள்.
அடுப்பில் சூடு மிச்சமிருந்தது.
அன்றிரவு எங்களில் குளிராமல் தூங்கியவர்
அவர் ஒருவரே.

விடிந்ததும்
மேற்கே போகிற வண்டிக்குத் திறந்தும்
கிழக்கிலிருந்து வருவதற்கு மூடியும் பழகிய மூங்கில் கட்டையை
அப்படியே திருப்பிக் கட்டினார்கள்.
பலகையில் சுண்ணாம்பு அடித்து, தாரால் தமிழ் எழுத வேண்டும்.
கையெழுத்து அழகாக இருந்தது வறீதுக்கு மட்டும்.
தாராபுரத்தில் படித்தவன், தாய்மொழி மலையாளம்.
ஒரு 'ற'வை 'ர' ஆக்கிவிட்டான்.
நான்கு நாள் அந்தப் பிழையோடுதான் நின்றது எங்கள் எல்லை.

கிழக்கே செய்தியும் அவனே தட்டினான்:
மலை இருக்கிறது. அரிசி அனுப்பவும்.

இலச்சப்பன் விறகோடு வந்து மூங்கிலடியில் நின்றான்.
தலைப்பாகையை அவிழ்த்து
இரண்டு பாஸையும் எடுத்து நீட்டினான்.
எதக் கிழிக்கட்டும்?
பொன்னுலிங்கம் வானத்தைப் பார்த்தார்.
'ரெண்டையும் வச்சுக்கோ' என்றான் வறீது.

நாலாம் நாள் ஜீப் ஏறி வந்தது.
மாலை, ஜிலேபி, கைகுலுக்கல்.
புது அதிகாரி என்னிடம் ரைஃபிள் எத்தனை என்றார்.
நாற்பத்திரண்டு என்றேன்.
எல்லாவற்றையும் வண்டியில் ஏற்று என்றார்,
ஜிலேபிப் பாகைக் கைக்குட்டையில் துடைத்தபடி.
ஒரு பூட்டைத் திறந்த கை
இன்னொன்றையும் திறக்கும் என்று
அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.
செப்புக்கம்பி சுற்றியதை வறீது
குழந்தையைப் போல் தூக்கிக் கொடுத்தான்.

பொன்னுலிங்கத்தை உப்பளக் காவலுக்கு மாற்றினார்கள்.
கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு இல்லாத ஊர்.

பிறகு இரண்டு விசாரணை.
கிழக்கே பாராட்டுப் பத்திரம் எழுத,
மேற்கே குற்றப்பத்திரிகை எழுத.
கேள்வி ஒன்றே: சாவியை நீ கொடுத்தாயா, அவன் எடுத்தானா?
கொடுத்தேன் என்று சொன்னால்
இரு தரப்புக்கும் வேலை முடிந்துவிடும்.

பதிவேட்டைப் புரட்டிக் காட்டினேன்.
தேதி, மணி, சாமான்: சாவி ஒன்று.
வாங்கியவர் கையெழுத்து என்ற இடத்தில்
ஒரு சொட்டு காய்ந்து
தாள் லேசாக உப்பியிருந்தது.